விலைக்கு வாங்கிய படமும் வாங்காத உரிமையும்

2004-இல் அமெரிக்காவில் கல்லூரிகள் திறக்கும் பருவம். கணினிச் சந்தையில் ஒருவரையொருவர் முந்தப் பார்த்துக்கொண்டிருந்த டெல் நிறுவனமும் கேட்வே நிறுவனமும் மாணவர்களுக்கான விளம்பரங்களை வெளியிட்டன. இரண்டிலும் ஒரே இளம்பெண். 1996-இல் ஆரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் எடுக்கப்பட்ட ஒரு படத்தொகுப்பிலிருந்து இரு தரப்பு வடிவமைப்பாளர்களும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரு தரப்பும் முறையாகப் பணம் கட்டியிருந்ததால் யார்மேல் யார் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதே பெண் வேறு பல விளம்பரங்களிலும் புத்தக அட்டைகளிலும் இருப்பதை ஆட்கள் தேடித் தேடிக் கண்டுபிடிக்க, ‘எங்கும் தென்படும் பெண்’ என்று அவருக்கு ஒரு பட்டப்பெயரே வந்துவிட்டது.

ராயல்டி-ஃப்ரீ ஸ்டாக் படம் என்ற ஏற்பாட்டின் குணம் இந்தச் சம்பவத்தில் நன்றாகத் தெரிகிறது. ஒரு முறை கட்டணம் செலுத்தினால், உரிம விதிகளுக்கு உட்பட்டு அந்தப் படத்தைப் பல வேலைகளுக்கு, பல ஆண்டுகளுக்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் புகைப்படக்காரருக்குத் தனியாகப் பணம் தரவேண்டியதில்லை. இதே சலுகை எதிர்க்கடைக்காரருக்கும் உண்டு. பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. படத்தில் இருப்பவரின் உரிமை அவரிடம். பின்னணியில் தெரியும் கட்டடம், சிலை, வணிகச் சின்னம் ஆகியவற்றின் உரிமை இன்னும் யார் யாரிடமோ. நாம் கட்டிய பணம் இத்தனை முடிச்சுகளில் ஒன்றை மட்டுமே அவிழ்க்கிறது. ரசீது கையில் இருக்கிறது, எனவே எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் பெரும்பாலான வம்புகளுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பயன்பாட்டுக்குத் தரும் தொழில் நூறு வயதைத் தாண்டிவிட்டது. பிலடெல்பியாவில் எச். ஆம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் 1920-இல் தொடங்கிய நிறுவனம் ஆரம்பகாலத்தவற்றுள் ஒன்று. நாஜி ஜெர்மனியிலிருந்து 1935-இல் பெட்டி பெட்டியாகப் படங்களோடு வெளியேறி நியூயார்க் வந்த ஓட்டோ பெட்மன் அடுத்த ஆண்டே தன் காப்பகத்தைத் தொடங்கினார். 1995-இல் அதை பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம் வாங்கியது. அந்தப் பழைய முறையில் விலையைக் கேட்டால் பதிலுக்குக் கேள்விகள்தாம் வரும். எந்த இதழ், எத்தனை பிரதி, அட்டையா உள்பக்கமா, முழுப்பக்கமா கால்பக்கமா, எந்த நாட்டில், எத்தனை மாதத்துக்கு, போட்டியாளருக்குத் தராமல் நிறுத்தி வைக்கவேண்டுமா? ஒவ்வொரு பதிலுக்கும் விலை ஏறும் அல்லது இறங்கும். இதற்கு ரைட்ஸ்-மேனேஜ்டு என்று பெயர். செலவு அதிகம், ஆனால் டெல்–கேட்வே போன்ற கூத்து நடக்காது, ஏனென்றால் யாருக்கு எப்போது கொடுத்தோம் என்ற கணக்கு ஏஜென்சியிடம் இருந்தது.

எல்லா உரிமையையும் மொத்தமாக வாங்குவதும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி கணினித் திரையில் நாம் எல்லோரும் பார்த்த பச்சைக் குன்றும் நீல வானமும் அப்படி வாங்கப்பட்டவை. சார்லஸ் ஓ’ரியர் 1996-இல் கலிபோர்னியாவில் எடுத்து கார்பிஸிடம் கொடுத்து வைத்திருந்த படம் அது. மைக்ரோசாஃப்ட் அதை முழு உரிமையோடு வாங்கிக்கொண்டது. அந்த அளவுக்குப் பணம் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

சிடி வந்த பிறகு கணக்கு மாறியது. 1991-இல் சியாட்டிலில் தொடங்கப்பட்ட ஃபோட்டோடிஸ்க் நிறுவனம் ஏராளமான படங்களை ஒரே வட்டில் அடைத்து, வட்டுக்கு மட்டும் விலை வைத்தது. வாங்கியவர் எத்தனை தடவை எங்கே அச்சிடுகிறார் என்று யாரும் பின்தொடர்வதில்லை. மார்க் கெட்டியும் ஜோனாதன் க்ளைனும் 1995-இல் தொடங்கிய நிறுவனம் அடுத்த சில ஆண்டுகளில் ஃபோட்டோடிஸ்க்குடன் இணைந்ததில் பிறந்ததுதான் இன்றைய கெட்டி இமேஜஸ். 2000-இல் கனடாவின் கால்கரி நகரில் ப்ரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ, முதலில் வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் படங்களை இலவசமாக மாற்றிக்கொள்ளும் இடமாக இருந்து, பிறகு சில்லறைக் காசுக்குப் படம் விற்கும் சந்தையானது. 2003-இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர், தானே எடுத்த சுமார் 30,000 படங்களோடு ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி மாதச் சந்தா முறையைக் கொண்டுவந்தார். 2006-இல் கெட்டி 5 கோடி டாலருக்கு ஐஸ்டாக்கை வாங்கியது. அதே ஆண்டு ‘வயர்டு’ இதழில் ஜெஃப் ஹோவ் எழுதிய பிரபலமான கட்டுரை ஓர் அருங்காட்சியகத்தின் கதையோடு தொடங்குகிறது. தொழில்முறைப் புகைப்படக்காரர் படத்துக்கு நூறு, நூற்றைம்பது டாலர் கேட்க, அருங்காட்சியகம் ஒரு டாலர் படங்களைப் பார்த்துவிட்டு அவரை விட்டுவிட்டது.

அந்த ஒரு டாலரும் நிலைக்கவில்லை. 2020-இல் ஷட்டர்ஸ்டாக் தன் ஊதிய முறையை மாற்றியபோது, ஒரு பதிவிறக்கத்துக்குப் புகைப்படக்காரருக்குக் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகை 10 சென்ட் என்றானது. பலர் கொதித்துப்போய்த் தங்கள் படங்களை விலக்கிக்கொண்டார்கள். அதே காலத்தில் கெட்டி, படைப்புப் படங்களில் ரைட்ஸ்-மேனேஜ்டு முறையையே கைவிட்டது. பழைய முறை இன்று சிறு ஏஜென்சிகளிலும் செய்திப்படத் துறையிலும்தான் மிஞ்சியிருக்கிறது.

சரி, வாங்குபவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். மதுரை கீழச் சித்திரை வீதியில் ஒரு பெண்மணி தரையில் சாக்கு விரித்து மல்லிகைப் பந்துகளை அடுக்கியிருக்கிறார். முழம் போட்டுக்கொண்டிருக்கும் கை, நிமிர்ந்து பார்க்கும் முகம், பின்னால் கிழக்குக் கோபுரம். தோளுக்கு மேலே ஒரு செல்போன் நிறுவனத்தின் பெயர்ப்பலகையும் விழுந்திருக்கிறது. இந்தப் படம் ஒரு தளத்தில் விற்பனைக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியில் சிறிய எழுத்தில் ‘எடிட்டோரியல் பயன்பாட்டுக்கு மட்டும்’, அதாவது செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும், என்று இருக்கும். புகைப்படக்காரர் அந்தப் பெண்மணியிடம் கையெழுத்து வாங்கவில்லை என்பதை அந்த வரியிலிருந்து தெரிந்துகொள்ளலாம். மாடல் ரிலீஸ் என்று சொல்லப்படும் ஒப்புதல் பத்திரம் இல்லை. பலகையில் உள்ள சின்னத்துக்கும் அனுமதி இல்லை.

பூ வியாபாரம் பற்றி ஒரு வார இதழ் கட்டுரை போடுகிறது. அங்கே இந்தப் படம் பொருந்தும். ஒரு நகைக்கடை தன் தீபாவளி விளம்பரத்தில் இதைப் போட்டால் தவறு, சந்தா கட்டியிருந்தாலும். மூன்றாவது பயன்பாடுதான் பலர் யோசிக்காதது. கந்துவட்டிக் கொடுமை பற்றிய செய்திக்கு ‘மாதிரிப் படம்’ என்று போட்டு இதை வைத்தால்? பயன்பாடு எடிட்டோரியல்தான். ஆனால் அந்த அம்மா கடனில் மூழ்கியவர் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அவரைத் தெரிந்தவர்கள் மறுநாள் சந்தையில் கேட்பார்கள். ஒப்புதல் பத்திரம் இருக்கும் படங்களுக்குக்கூட, நோய், குற்றம், போதை, அரசியல், பாலியல் போன்ற பொருள்களில் பயன்படுத்துவதை உரிமங்கள் தடுக்கின்றன, அல்லது படத்தில் இருப்பவர் வெறும் மாடல்தான் என்ற குறிப்பைக் கட்டாயமாக்குகின்றன. நம் செய்தித்தளங்கள் ‘மாதிரிப் படம்’ என்ற இரண்டு சொல்லில் இந்தக் கடமையை முடித்துவிடுகின்றன. படத்தில் முகம் தெரிகிறபோது அந்த இரண்டு சொல் போதாது.

இது கற்பனை பயம் இல்லை. 2013-இல் நியூயார்க் மாநில அரசின் மனித உரிமைப் பிரிவு, எச்ஐவி தொற்றாளர்களின் உரிமை பற்றிய விழிப்புணர்வு விளம்பரத்தில் கெட்டியிடம் பெற்ற ஓர் இளம்பெண்ணின் படத்தைப் பயன்படுத்தியது. தான் தொற்றாளர் என்று அவரே சொல்வதுபோல் வாசகம். அவருக்குத் தொற்று கிடையாது. படம் எடுத்தவர் அவரிடம் ஒப்புதல் பத்திரம் வாங்காமலே ஏஜென்சிக்கு விற்றிருந்தார். அந்தப் பெண் கெட்டி மீதும் மாநில அரசு மீதும் வழக்குத் தொடுத்தார். கெட்டி தன்மீதான வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டபோது 2014-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நல்ல நோக்கம், அரசுத் துறை, பெரிய ஏஜென்சி, கட்டிய பணம் எல்லாம் இருந்தும் ஒரு கையெழுத்து இல்லாமல் போனதால் வந்த வினை.

மனமறிந்து ஒப்புக்கொண்டவருக்கும் எங்கே போய் முடியும் என்று தெரியாது. ஹங்கேரியின் மின்பொறியாளர் ஆந்த்ராஷ் ஆரத்தோ, ஓய்வு வயதை நெருங்கும்போது ஸ்டாக் படங்களுக்கு மாடலாக நின்றார். வலியை மறைத்துச் சிரிப்பதுபோன்ற அந்த முகம் உலகம் முழுக்க மீம் ஆகிவிட்டது. முதலில் நொந்துபோனவர் பிறகு அதை ஏற்றுக்கொண்டு மேடையேறிப் பேசவே தொடங்கிவிட்டார். ஸ்பெயினின் அந்தோனியோ கியெம் எடுத்த, காதலியோடு நடக்கும்போதே இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் இளைஞனின் படமும் 2017-இல் அப்படிப் பரவியது. பகிர்ந்தவர்களில் உரிமம் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தியாவில் மாடல் ரிலீசுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் அதற்கான அடித்தளம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் போடப்பட்டது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவரது தனியுரிமையை மீறுவதாகும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. 2015-இல் ‘மைன் ஹூன் ரஜினிகாந்த்’ என்ற இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், பிரபலங்களின் ஆளுமை உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ரஜினிக்கு வழக்கறிஞர் உண்டு, பூக்கார அம்மாவுக்கு இல்லை என்பது நடைமுறை வேறுபாடு. சம்மதம் வேண்டும் என்ற விதி இருவருக்கும் ஒன்றுதான்.

மதுரைப் படத்தின் கோபுரத்துக்கு வருவோம். அதைப் படமெடுப்பதிலும் வெளியிடுவதிலும் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. நூற்றாண்டுகள் பழையது என்பது ஒரு காரணம். புதிய கட்டடமானாலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பொது இடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட சிற்பங்களுக்கும் அப்படியே. கணபதி ஸ்தபதி வடித்த கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 2000-இல்தான் திறக்கப்பட்டது. ஸ்தபதி மறைந்தது 2011-இல். சிற்பத்துக்குப் பதிப்புரிமைக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தும் அதன் படத்தை வெளியிடுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஈஃபில் கோபுரத்தின் பகல்நேரப் படம் யாருக்கும் சிக்கல் தராது. இரவு ஒளியலங்காரம் தனிப் படைப்பாகக் கருதப்படுவதால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்கவேண்டும். ஸ்டாக் தளங்கள் பாரிஸின் இரவுப் படங்களை எடிட்டோரியல் பகுதியில் தள்ளி வைப்பது இதனால்தான்.

உரிமத்தின் பொடி எழுத்துகளில் நம் ஊர் அச்சகங்களும் பதிப்பகங்களும் கவனிக்க வேண்டியவை இரண்டு மூன்றுதான். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ஐஸ்டாக் மூன்றிலும் சாதாரண உரிமத்தில் 5,00,000 அச்சுப் பிரதிகள் வரை போகலாம். ஆயிரம் பிரதி விற்றாலே கொண்டாடும் தமிழ்ப் பதிப்பகத்துக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சிவகாசிக் காலண்டருக்கு வேறு கணக்கு. அங்கே படம்தான் சரக்கு. படத்துக்காகவே மக்கள் வாங்கும் காலண்டர், போஸ்டர், வாழ்த்து அட்டை, டி-சர்ட், குவளை போன்ற விற்பனைப் பொருள்களுக்கு விரிவு உரிமம் என்ற, பலமடங்கு விலையுள்ள அனுமதி வேண்டும். ஜவுளிக்கடை இலவசமாகக் கொடுக்கும் காலண்டர் இதில் எந்தப் பக்கம் விழும் என்பது தளத்துக்குத் தளம் மாறுவதால், அச்சேற்றும் முன் அந்தத் தளத்தின் விதியைப் படித்துவிடுவது நல்லது. அடுத்தது லோகோ. ஸ்டாக் படத்தை நிறுவனத்தின் சின்னமாக்கிப் பதிவுசெய்ய எந்தப் பெரிய தளமும் அனுமதிப்பதில்லை. எல்லோருக்கும் விற்கப்படும் ஒன்றை ஒருவர் தன் அடையாளமென்று எப்படி உரிமை கொண்டாட முடியும்? தெருவுக்கு ஒரு பேக்கரியில் அதே கோதுமைக்கதிர் சின்னம் தொங்குவதைப் பார்க்கிறோம். டிசைனர்கள் இந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

கட்டணத் தளத்தில் பணத்துக்குப் பதிலாக உண்மையில் கிடைப்பது பாதுகாப்பு. படத்தின் உரிமையில் வில்லங்கம் வந்தால் குறிப்பிட்ட தொகை வரை, பெரும்பாலும் 10,000 டாலர் வரை, இழப்பை ஏற்பதாகச் சாதாரண உரிமமே வாக்குத் தருகிறது, விதிப்படி பயன்படுத்தியிருந்தால். இலவசத் தளங்களில் இது கிடையாது. பலரும் கவனிக்காமல் விடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

இலவசம் என்றதும் நம் பத்திரிகை உலகின் பழைய வழக்கம் நினைவுக்கு வருகிறது. ‘படம்: இணையம்’, ‘நன்றி: கூகுள்’. கூகுள் எந்தப் படத்துக்கும் சொந்தக்காரர் இல்லை. அது தேடிக் காட்டும் கருவி. முகவரி காட்டிய தபால்காரருக்கு வீட்டு வாடகை கொடுப்பதுபோல் இருக்கிறது இந்த நன்றி நவிலல். அனுமதியில்லாமல் எடுத்ததற்கு நாமே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகவும் அது ஆகலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு தெரிந்தே செய்யும் மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஒரு துணுக்குப் படத்துக்காக யாரும் சிறைக்குப் போவதை நாம் பார்ப்பதில்லை. வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கேட்டு மின்னஞ்சல் வருவதே வழக்கம். மென்பொருள் படத்தைப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறது.

அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சபே போன்ற தளங்கள் உண்மையில் நல்ல காரியம் செய்கின்றன. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2013-இல் மொன்ட்ரியாலில் தொடங்கிய அன்ஸ்பிளாஷ், 2017 ஜூன் வரை படங்களைச் சிசி ஜீரோ என்ற, எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் ஆவணத்தின்கீழ் தந்தது. பிறகு தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. 2021-இல் அதைக் கெட்டி வாங்கிவிட்டது. பிக்சபேயும் 2019-இல் இதே வழியில் போனது. அதே ஆண்டு பெக்சல்ஸோடு சேர்த்துக் கேன்வா அதை வாங்கியது. எனவே எந்தத் தேதியில் பதிவிறக்கினோம் என்பதற்குச் சான்று வேண்டும். தரவிறக்கிய நாளன்று உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கிப் படத்தோடு ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகாது. பதிவேற்றியவர்தான் எடுத்தவர் என்பதற்கு இந்தத் தளங்கள் உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். தெரிந்த முகமுள்ள இலவசப் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். 2007-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு செல்போன் நிறுவனம், ஃப்ளிக்கர் தளத்தில், பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு கிடந்த டெக்சாஸ் சிறுமியின் படத்தை விளம்பரப் பலகையில் ஏற்றி அமெரிக்க நீதிமன்றம் வரை இழுபட்டது. படமெடுத்தவர் தன் உரிமையைத்தான் விட்டுக்கொடுத்திருந்தார். சிறுமியின் சார்பில் எதையும் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை.

விக்கிமீடியா காமன்ஸ் படங்களை எடுக்கும்போது எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், சுட்டி மூன்றையும் போட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அங்கே வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமங்களை ஏற்பதே இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள், பறவைகள், உணவு வகைகளுக்குக் கட்டணத் தளங்களைவிட அங்கே நல்ல படங்கள் கிடைப்பதும் உண்டு. பெயர் போடுவதில் பிழை நேர்ந்தால், கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமங்கள் தவறு தெரிந்த 30 நாள்களுக்குள் திருத்திக்கொள்ள இடம் தருகின்றன. பழைய பதிப்புகளில் அந்தத் தாராளம் இல்லை.

பொதுவுடைமைப் படத்தையும் விற்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் வினோதம். அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரல் ஹைஸ்மித் தன் ஆயிரக்கணக்கான படங்களை அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்து, எல்லோரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் அவர் தன் அமைப்பின் தளத்தில் தன் படத்தையே போட்டதற்கு 120 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. 2016-இல் அவர் கெட்டி உள்ளிட்டோர் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பதிப்புரிமையை விட்டுக்கொடுத்த பிறகு அதன் பேரில் வழக்காட முடியாது என்ற நிலையில் முக்கியக் கோரிக்கைகள் நிற்கவில்லை.

இந்தியச் சட்டத்தில் இன்னொரு முடிச்சு, ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கானது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான் என்கிறது 17-ஆம் பிரிவு. முகூர்த்தத்தில் எடுத்த அருமையான படத்தை ஸ்டுடியோக்காரர் ‘தென்னிந்தியத் திருமணம்’ என்று பெயரிட்டு ஸ்டாக் தளத்தில் ஏற்றினால், மணமக்களின் ஒப்புதல் மட்டுமல்ல, படத்தின் உரிமையே அவரிடம் இல்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படங்களின் பதிப்புரிமையும் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் என்றாகிவிட்டதால், பழைய படம்தானே என்ற சமாதானமும் செல்லாது.

அப்படி ஏற்றத் தோன்றுவதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. மும்பையில் ஜகதீஷ் அகர்வால் நடத்திய டினோடியா, டெல்லியில் சந்தீப் மகேஷ்வரி 2006-இல் தொடங்கிய இமேஜஸ்பஜார் ஆகியவை இந்திய முகங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இருந்தும் ‘இந்தியக் குடும்பம்’ என்று தேடினால் வந்து நிற்பது பெரும்பாலும் வடக்கத்திய உடையும் வரவேற்பறையும்தான். பொங்கல் விளம்பரத்தில் லெஹங்கா அணிந்த பெண் பானையருகே கைகூப்பி நிற்பதற்கு டிசைனரின் அறியாமையைவிடக் கிட்டங்கியின் வறுமையே பெரிய காரணம்.

இந்த வறுமையைச் செயற்கை நுண்ணறிவு தீர்த்துவிடும் என்று இப்போது பலர் நம்புகிறார்கள். வேண்டிய முகத்தை வேண்டிய சேலையில் வரவழைத்துவிடலாம், கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அந்த இயந்திரங்களுக்கு யார் படத்தைக் காட்டிப் பழக்கினார்கள் என்பதுதான் வழக்கு. ஸ்டெபிலிட்டி ஏஐ மீது கெட்டி 2023-இல் வழக்குத் தொடுத்தபோது, அந்தக் கருவி உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் நீர்க்குறியே அரைகுறையாகத் தெரிவதை எடுத்துக்காட்டியது. ஷட்டர்ஸ்டாக் வேறு வழியில் போய், தன் களஞ்சியத்தை ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்குப் பயிற்சிக்குக் கொடுத்துப் பணம் வாங்கி, புகைப்படக்காரர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கியது. அடோபி தன் ஃபயர்ஃபிளையை 2023-இல் அடோபி ஸ்டாக் படங்களைக் கொண்டு பழக்கியது. அதே ஆண்டின் இறுதியில், காஸா போரைக் காட்டும் இயந்திரப் படங்கள் அடோபி ஸ்டாக்கில் விற்பனைக்கு இருந்ததும், அவற்றில் சிலவற்றை நிஜப் படம்போல் தளங்கள் எடுத்துப் போட்டதும் செய்தியானது.

இயந்திரம் செய்த அட்டைப்படத்துக்கு யார் உரிமையாளர்? கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்று இந்தியச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அது இன்றைய கருவிகளை நினைத்து எழுதப்பட்டதில்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ, மனிதப் பங்களிப்பு இல்லாத படத்தைப் பதிவுசெய்ய மறுக்கிறது. சென்னைப் பதிப்பகம் ஒன்று கருவிக்கு ஆணையிட்டு வாங்கிய அட்டையை அப்படியே எடுத்து நியூயார்க்கில் ஒருவர் தன் புத்தகத்துக்குப் போட்டால், அங்கே போய் அதைத் தடுக்கப் பதிப்பாளரிடம் அநேகமாக எதுவும் இருக்காது.